ஐந்து பெட்டிகளில் தொடங்கி வெற்றுத்தாளில் நிறைந்த பணி

எண்ணைக் கண்டால் எட்டி ஓடியவர்களை எட்டிப் பிடித்து, அருகில் அமர்த்தி, அச்சம் அகற்றிய அன்பின் ஆசானே! கோடும் கோணமும் கூறும் வட்டமும் குழந்தைகளின் கூட்டாளிகளாய்க் குலவச் செய்த கணக்கின் காவலரே! முப்பத்து மூன்று ஆண்டும் ஏழு மாதமும் ஒரே கரும்பலகையின் முன் நின்று, ஒரு நாளும் ஒரு பிள்ளையையும் ‘இதுகூடவா தெரியாது’ என்று கேட்டிராத பொறுமையின் பேருருவே! இன்று பணி நிறைவு பெறும் எங்கள் கணக்காசிரியையே! உடன் உழைத்த நாங்கள் ஒன்றுகூடி உங்களை உளமார வாழ்த்துகிறோம்!

இந்தத் தொடக்க வரிகளை நேற்றே எழுதி வைத்துவிட்டேன். இந்தப் பள்ளியில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதும் வேலை மொழிப்பாட ஆசிரியனான என் தலையில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் மறைப்பானேன், பழைய மடலை எடுத்து அடைமொழியை அங்கே இங்கே மாற்றி ஒப்பேற்றிவிடுவதுதான் என் வழக்கம். சென்ற முறை உடற்பயிற்சி ஆசிரியரைக் ‘கருணைக் கடலே’ என்று விளித்து எழுதியபோது, அவர் சொல்லி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிய பிள்ளைகள் பின்வரிசையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று தயாராகத்தான் இருந்தது.

ஆனால் இன்று காலை பதினொரு மணிக்குக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. அதைத் தலைமையாசிரியை பிரித்த நொடியிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய மடலைக் கிழித்துப் போட்டுவிட்டு, மதிய உணவையும் மறந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உறைக்குள் இருப்பது என்ன என்று இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும், உங்களைத் தவிர. கோபித்துக்கொள்ளாதீர்கள். அது இந்த மடலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மேடையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு எட்டிப் பார்க்கக் கூடாது. கடைசிப் பக்கத்தில் விடை பார்ப்பவர்களை நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள் என்று நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கைகொடுத்துக் கைவிடுவித்த கலைஞரே!

கேட்டவுடன் விடை சொல்லிக் கெட்ட பெயர் வாங்காமல், கேட்டும் விடை சொல்லாமல் நல்ல பெயர் வாங்கியவர் உலகில் நீங்கள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்! அறைகளின் வரிசையில் கடைசி அறை, அதில் கதவை ஒட்டிய மர அலமாரி, அதில் இரண்டாம் தட்டு. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து தாள்கள் அடுக்கியிருப்பீர்கள். முதல் தாளில் ஒரு கணக்கு, அதன் கீழே ஐந்து பெட்டிகள். என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், படம் வரை, சமன்பாடு எழுது, சரிபார் என்று ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் ஒரு குறிப்பு. இரண்டாம் தாளில் பெட்டிகள் இருக்கும், குறிப்புகள் இருக்காது. மூன்றாம் தாளில் பெட்டிகள் மூன்றாகக் குறையும். நான்காம் தாளில் சரிபார்ப்பதற்கு ஒரே ஒரு பெட்டி. ஐந்தாம் தாளில் கணக்கு மட்டும்தான். மீதியெல்லாம் வெள்ளை.

எந்தப் பிள்ளைக்கு எந்தத் தாள், எந்த நாளில் அடுத்த தாள் என்பது உங்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். ஒரே வகுப்பில் ஒருவன் முதல் தாளோடு மல்லுக்கட்டுவான், அடுத்த பெஞ்சில் இருப்பவள் நான்காம் தாளில் நடைபோடுவாள். குறை எண்களைப் புரியவைக்க மாடிப்படியில் பிள்ளைகளை ஏற்றி இறக்கினீர்கள். ஒரு வாரம் கழித்துப் படிக்குப் பதில் பலகையில் ஒரு கோடு. அதற்கும் அடுத்த வாரம் கோட்டையும் அழித்துவிட்டு, ‘கண்ணை மூடிக்கிட்டு இறங்குங்க’ என்றீர்கள். சமன்பாட்டுக்காக இயற்பியல் ஆய்வகத்தின் தராசை ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கி, இரண்டு ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்தீர்கள். இயற்பியல் ஆசிரியர் இந்த வரியை அவசியம் சேர்க்கச் சொன்னார்.

பிள்ளைகளிடம் மட்டுமா இந்த விளையாட்டு? பணியில் சேர்ந்த புதிதில் உயிரியல் ஆசிரியை, விடுப்புப் படிவத்தைக் கணினியில் நிரப்பத் தெரியாமல் உங்களிடம் வந்து, “அக்கா, எனக்கு இது ஒண்ணும் புரியல. கொஞ்சம் போட்டுக் குடுத்துடுங்களேன்” என்று கெஞ்சினார். நீங்கள் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு சொன்ன பதில் எங்கள் ஓய்வறையில் இன்றும் உலவுகிறது. “முதல் பக்கம் நான் போடறேன், நீ பாரு. ரெண்டாவது பக்கம் நீ போடு, நான் பாக்கறேன். மூணாவது பக்கத்துக்கு நான் டீ குடிக்கப் போயிடுவேன்.” அவர் இன்று எங்கள் அனைவருக்கும் படிவம் நிரப்பித் தருகிறார். எங்களுக்கு அவர் மூன்று பக்கத்தையும் அவரே நிரப்பிவிடுகிறார், அதனால் நாங்கள் யாரும் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் பிழையைப் பொறுத்த பெருந்தகையே!

பாராட்டு மடலில் பிழையைப் பற்றிப் பேசுவது மரபல்ல. இருந்தாலும் இதைச் சொல்லாமல் உங்கள் பெருமையைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. சென்ற கல்வியாண்டில் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக நீங்கள் ஐந்து மாதம் வீட்டில் இருந்தீர்கள். உங்கள் ஒன்பதாம் வகுப்பைக் கணக்குத் துறையின் மற்ற இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டார்கள். எப்போதும் சேர்ந்தே வந்து சேர்ந்தே போவதால் நாம் இரட்டையர் என்று கூப்பிடுகிறோமே, அவர்கள்தான். நல்ல மனசோடுதான் உங்கள் அலமாரியைத் திறந்தார்கள். முதல் தாளைப் பார்த்தார்கள். ஐந்து பெட்டி, அழகான குறிப்பு, பிள்ளைகள் மளமளவென்று நிரப்புகிறார்கள். “அடேயப்பா, இதுதானா அந்த வித்தை!” என்று பூரித்து, நகல் இயந்திரம் சூடேறி நிற்கும்வரை அந்த ஒரே தாளை அச்சடித்துத் தள்ளினார்கள். அடியில் இருந்த நான்கு தாள்களை யாரும் நின்று படிக்கவில்லை. ஐந்தாவது தாளில் பெட்டியே இல்லாததைப் பார்த்து, அச்சுப் பிழை என்று எடுத்துக் குப்பையில் போட்டதாகவும் பின்னர் ஒப்புக்கொண்டார்கள்.

ஐந்து மாதமும் பெட்டிதான்! வகுப்புத் தேர்வில் பெட்டி, மாதத் தேர்வில் பெட்டி, மதிப்பெண்ணோ தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. ஓய்வறையில் இனிப்பு வழங்கினோம், நானும் இரண்டு எடுத்தேன். பிறகு ஆண்டுத் தேர்வு வந்தது. வினாத்தாளை அச்சடித்தது கல்வி அலுவலகம். அவர்களுக்கு உங்கள் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்?

அன்று தேர்வறையில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். வினாத்தாளைப் பார்த்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அடிக்கோலை எடுத்தார்கள். விடைத்தாளில் ஐந்து ஐந்தாகப் பெட்டி வரைந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் மகள் ஒவ்வொரு பெட்டிக்கும் இரட்டைக் கோடு போட்டு, மூலை பிசகாமல் அழகுபடுத்தினாள். அன்றிலிருந்து அவளுக்கு இரட்டைக்கோடு என்றே பெயர். வரைந்து முடித்துவிட்டு எல்லோரும் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெட்டியின் தலையில் யாராவது வந்து குறிப்பு எழுதுவார்கள் என்று காத்திருந்தார்கள். நேரம் முடிந்து நான் தாள்களை வாங்கும்வரை அந்தப் பெட்டிகள் காலியாகவே இருந்தன.

முப்பத்தெட்டுப் பேர் தோற்றார்கள். பத்து வாரத்தில் மறுதேர்வு, அதிலும் தோற்றால் கணக்கு இல்லாத பிரிவுக்கு மாற்றப்படுவார்கள் என்று அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கணக்கு இல்லாத பிரிவு என்றால் என்னவென்று பெற்றோருக்குத் தெரியும். மின்பணி கற்க முடியாது, செவிலியர் படிப்புக்கு மனுப் போட முடியாது, நில அளவை, கட்டுமானம், கணக்கர் வேலை எதன் வாசலையும் மிதிக்க முடியாது. பதினான்கு வயதில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் கதவு சாத்தப்பட இருந்தது. ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு பள்ளிக்கு வந்து, “தொண்ணூத்தி ரெண்டு மார்க்கு வாங்கின பொண்ணு, எப்படிம்மா சைபர் வாங்கும்?” என்று தலைமையாசிரியையைக் கேட்டார்.

மறுவாரம் நீங்கள் ஊன்றுகோலோடு படியேறி வந்தீர்கள். இன்னும் ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொன்ன மருத்துவரை வீட்டில் சமாளித்துவிட்டு வந்ததாக உங்கள் கணவர் பிறகு சொன்னார். முப்பத்தெட்டு விடைத்தாள்களையும் மேசையில் பரப்பிப் பார்த்தீர்கள். இரட்டையர் இருவரும் சுவரோடு சுவராக நின்றார்கள். நீங்கள் திட்டியிருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “பிள்ளைங்க மேல தப்பே இல்ல. உங்க மேலயும் முழுசா இல்ல. வீடு கட்டி முடிச்சுட்டு, சாரத்தைப் பிரிக்காமயே குடித்தனம் வெச்சுட்டோம், அவ்வளவுதான்” என்றீர்கள். வைத்துவிட்டோம் என்று உங்களையும் சேர்த்துக்கொண்டீர்கள். பள்ளியிலேயே இல்லாத காலத்தில் நடந்த குற்றத்துக்குப் பங்கு கேட்டவர் நீங்கள்!

பத்து வாரத்தைப் பத்து ஆண்டாய்ப் பெருக்கியவரே!

ஓய்வுக்கு முந்தைய மூன்று மாதத்தை எல்லோரும் பொருள்களை மூட்டை கட்டுவதில் கழிப்பார்கள். நீங்களோ முப்பத்தெட்டுப் பேரையும் ஒரே அறையில் திரட்டி, அதே முதல் தாளிலிருந்து மீண்டும் தொடங்கினீர்கள். இரண்டு வாரம் அவர்களுக்கு ஒரே கொண்டாட்டம், பழைய பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன என்று. மூன்றாம் வாரம் குறிப்புகளை நீக்கினீர்கள். அறையில் கலவரம்! பக்கத்து அறையில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு என் குரலே கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பெட்டி குறைந்தபோது பிள்ளைகள் அதைத் தாங்களே வரைந்துகொண்டார்கள். நீங்கள் தடுக்கவில்லை. “வரைஞ்சுக்கோ. ஆனா பென்சில்ல வரை. கணக்கு முடிஞ்சதும் அழிச்சுட்டுக் குடு” என்றீர்கள். அழிப்பது அலுத்துப்போய் வரைவதை அவர்களே விட்டார்கள்.

பிறகு அந்த அட்டைகள்! பழைய நோட்டு அட்டைகளை வெட்டி, தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கொடுத்தீர்கள். ஓர் அட்டையை நீட்டினால் ஒரு கேள்வி கேட்கலாம். விடையை அல்ல, வழியை மட்டும். அடுத்த வாரம் இரண்டு அட்டை, அதற்கடுத்த வாரம் ஒன்று. ஒரு நாள் நான் நடைக்கூடத்தில் போகும்போது ஒரு பையன் அறையிலிருந்து அம்பாகப் பாய்ந்து வந்து, “சார், எனக்கு ஒண்ணு மிச்சம்!” என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான். ஏதோ தொலைந்த பொருள் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அட்டையைப் பயன்படுத்தாமலே கணக்கை முடித்துவிட்டான் என்பது அன்று மாலை நீங்கள் சொல்லித்தான் விளங்கியது. சொல்லும்போது உங்கள் முகத்தில் இருந்த ஒளியைப் பார்த்தவர்கள் உங்களுக்கு ஓய்வு வயது என்று நம்பமாட்டார்கள்.

எல்லாம் சறுக்காமல் நடந்தது என்று எழுதினால் நீங்களே எழுந்து திருத்துவீர்கள். ஆறாம் வாரம் நீங்கள் அவசரப்பட்டீர்கள். நாள் குறைகிறதே என்ற பதற்றத்தில் ஒரே நாளில் இரண்டு பெட்டிகளை எடுத்துவிட்டீர்கள். பதினோரு பிள்ளைகள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் பதினோரு பேர் முன்னால் நின்று, “நேத்து நான் அவசரப்பட்டுட்டேன். என் தப்பு. இந்தாங்க, ரெண்டு பெட்டி திரும்ப வந்துடுச்சு” என்று சொல்லித் தாளைக் கொடுத்தீர்கள். பிள்ளைகளிடம் தப்பு என்று சொல்லிப் பார்த்த ஆசிரியர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர் என்று நான் கை தூக்கச் சொல்லப்போவதில்லை. சொன்னால் என் கையும் கீழேதான் இருக்கும்.

என் வாயை அடைத்த வல்லவரே!

ஒன்பதாம் வாரம் முடிந்தது. மறுதேர்வுக்கு முந்தைய கடைசி வாரம். திங்கட்கிழமை காலை கையொப்பப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு நேரே விடுப்பு என்று இருந்தது. ஐந்து நாள். ஓய்வறை கொதித்தது. “லீவு மிச்சம் இருக்கு, கழிக்கறாங்க” என்று ஒரு குரல். அதைவிடக் கொடிய குரல் ஒன்றும் எழுந்தது. “இத்தனை நாள் கூட வந்துட்டு, இப்ப நட்டாத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க பாருங்க!” என்றது அது. அந்தக் குரல் என்னுடையது. மடலில் எங்கும் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும் என்பார்கள். இந்தப் பழியை மட்டும் மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ள எனக்கு உரிமையில்லை. நான்தான் சொன்னேன். இந்த மேடையில், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

என் கோபத்துக்கு எண்ணெய் வார்ப்பது போலத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். “இந்த வாரம் அந்த முப்பத்தெட்டுப் பேரோட நீங்கதான் உக்காரணும். லீவுல போறதுக்கு முன்னால கணக்கு டீச்சர் கேட்டுக்கிட்டாங்க.”

“நானா? எனக்குக் கணக்கே வராதே மேடம்!”

“அதனாலதான். கணக்குத் தெரியாத ஆளா அனுப்புங்கன்னு சொன்னாங்க. உங்க பேரையும் அவங்களேதான் சொன்னாங்க.”

இருபத்தேழு ஆண்டு ஆசிரியப் பணியில் இப்படி ஒரு தகுதிச் சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை! வெந்துகொண்டே போய் அந்த அறையில் உட்கார்ந்தேன். மேசைமேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன கட்டு இருந்தது. எல்லாம் ஐந்தாம் தாள்கள். கூடவே எனக்கு ஒரு சீட்டு. ‘அவர்கள் கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டியிருக்காது.’

முதல் நாள் இரட்டைக்கோடு தாளைத் தூக்கிக்கொண்டு வந்து, “சார், இது சரியா?” என்று கேட்டாள்.

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பரிதாபப்பட்டாள் என்றே நினைக்கிறேன். திரும்பிப் போய்ப் பின்பெஞ்சுப் பையனிடம் தாளைக் காட்டினாள். அவன் வேறு விடை வைத்திருந்தான். இருவருக்கும் சண்டை மூண்டது. சண்டையைத் தீர்க்க மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். மணியடிப்பதற்குள் அறை முழுவதும் இரண்டு கட்சியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அவர்கள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அறையில் நான் ஒருவன் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை எனக்கே பொறுக்கவில்லை. வேலியடைக்க வேண்டிய ஒரு தோட்டத்துக்காகக் கரும்பலகையில் ஒரு செவ்வகம் வரைந்து, அதன் நீளம் அகலத்தைவிட ஐந்து அடி அதிகம், பரப்பு எண்பத்து நான்கு சதுர அடி, அகலம் என்ன என்று முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஒரு விடை ஏழு, இன்னொரு விடை குறை பன்னிரண்டு. “அகலம் எப்படிடா மைனஸ்ல போகும்? வேலியை பூமிக்குள்ளயா போடுவே?” என்று ஒருத்தி கேட்க, அறையே அதிர்ந்து சிரித்தது. எனக்கு மட்டும் எதுவும் விளங்கவில்லை. வெட்கத்தை விட்டு, “ஏழு எங்கேருந்துப்பா வந்தது?” என்று கேட்டேன்.

இரட்டைக்கோடு சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்தாள். “சார், என்ன குடுத்திருக்காங்க?”

“செவ்வகம்.”

“அப்புறம்?”

“நீளம் அஞ்சு அதிகம்.”

“எதைவிட?”

“அட, சொல்லித் தொலைங்களேன்!” என்று கத்திவிட்டேன்.

“சொல்ல மாட்டோம் சார். நீங்களே வந்துடுவீங்க. பக்கத்துலதான் இருக்கீங்க” என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். பள்ளிப் பருவத்தில் கரும்பலகை முன் நின்று வியர்த்தவன், மறுபடியும் அதன் முன் போய் நின்றேன். அகலத்துக்கு ஓர் எழுத்து வைத்தேன். நீளத்தை எழுதினேன். பெருக்கினேன். நடுவில் ஒரு தடவை அழித்தேன். ஒருவரும் ‘தப்பு’ என்று சொல்லவில்லை, “சரிபாருங்க சார்” என்று மட்டும் சொன்னார்கள். ஏழு வந்தது! ஏழைப் பன்னிரண்டால் பெருக்கினால் எண்பத்து நான்கு! ஐம்பத்து மூன்று வயதில், வாழ்நாளில் முதல்முறையாக, யாரும் சொல்லித் தராமல் ஒரு கணக்கைப் போட்டேன்! கையெல்லாம் சுண்ணாம்போடு ஓய்வறைக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். இயற்பியல் ஆசிரியர் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறிப்பை எடுத்தீர்கள், பெட்டியை எடுத்தீர்கள், அட்டையை எடுத்தீர்கள். கடைசியாக அந்த அறையில் மிச்சமிருந்த உதவி நீங்கள்தான். நீங்கள் அங்கே வெறுமனே உட்கார்ந்திருந்தாலும் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் உங்களையும் எடுத்துவிட்டீர்கள். முகத்தைப் பார்த்தாலும் எதுவும் தெரியாத என்னைக் கொண்டுவந்து வைத்தீர்கள்.

அந்த ஐந்து நாளை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்பதை, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கணவர் நேற்று என்னிடம் சொன்னார். சொல்லக் கூடாது என்று நீங்கள் தடை போட்டிருந்தீர்களாம். “சார், அஞ்சு நாள்ல ஒரே அலமாரியை மூணு தடவை அடுக்கினா. காலைல எட்டரை ஆனா செருப்பை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் வருவா, நிப்பா, திரும்பிப் போயிடுவா. ஒரு தடவையாவது போன் பண்ணிக் கேளேன்னு சொன்னேன். கேட்டா போயிடுவேன், போனா கெடுத்துடுவேன்னா.” விடுப்புக் கழிக்கிறார் என்று நாங்கள் சொன்ன ஆளின் விடுப்பு இப்படித்தான் கழிந்தது.

இனி விடைப் பக்கம்!

உங்களை நாங்கள் அறிவோம். தேறியவர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், தேறாதவர்கள் யார் என்றுதான் முதலில் கேட்பீர்கள். ஆகவே அதையே முதலில் சொல்கிறேன். மூன்று பேர். ஒருவன் தேர்வன்று காய்ச்சலில் படுத்துவிட்டான். மற்ற இருவரும் நான்கு மதிப்பெண்ணிலும் ஆறு மதிப்பெண்ணிலும் தவறவிட்டார்கள். மூவருக்கும் இரண்டு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று தலைமையாசிரியை அலுவலகத்தில் பேசி எழுத்தில் வாங்கிவிட்டார். இரட்டையர் இன்று மதியமே தாள்களை எடுத்துவைத்துவிட்டார்கள். ஐந்தையும் எடுத்தார்கள், நான் எண்ணிப் பார்த்தேன்.

மீதி முப்பத்தைந்து பேரும் தேறிவிட்டார்கள்! கேளுங்கள் அம்மா, முப்பத்தைந்து பேர்! அந்தக் கதவு முப்பத்தைந்து பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டது! இரட்டைக்கோடு எழுபத்து எட்டு. போன தடவை தொண்ணூற்று இரண்டும் பூச்சியமும் வாங்கிய அதே பெண், இந்த முறை ஒரு கோடுகூடப் போடாத தாளில் எழுபத்து எட்டு! ரொட்டிக் கடைக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, அரங்கின் பின்னால் கதவருகே நின்றுகொண்டிருக்கிறார். நீங்கள் இப்போது நிமிர்ந்து பார்க்கலாம்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று நெடுநேரம் தடுமாறினேன். முடிவைக் கேட்டதும் பிள்ளைகளிடம் ஓடினேன். இந்த மடலில் சேர்க்க, உங்களைப் பற்றி அவர்கள் வாயால் நாலு நல்ல வார்த்தை வேண்டும் என்பது என் ஆசை. துள்ளிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, “எப்படிடா பாஸ் பண்ணீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?” என்று கேட்டேன். விடையை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

“யாரும் சொல்லிக் குடுக்கல சார். நாங்களேதான் போட்டோம்!” என்றார்கள். ஒருவர் இருவரல்ல, அத்தனை பேரும். ஒருத்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “டீச்சர் கூடத்தான் இருந்தாங்க. ஆனா அவங்க ஒண்ணுமே சொல்லலையே சார்” என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நன்றிகெட்டவர்களே என்று வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். ஒன்பது வாரம் ஊன்றுகோலோடு நின்று நீங்கள் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்க விரும்பிய இடம் அதுதான் என்று, அவர்கள் முகங்களைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. ஆகவே, அம்மையே, நான் இட்டுக்கட்டிய அடைமொழிகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மடலின் ஒரே உண்மையான பாராட்டை அவர்கள் சொன்னபடியே, ஓர் எழுத்தும் கூட்டாமல் உங்களிடம் ஒப்படைக்கிறோம்: ‘யாரும் சொல்லிக் குடுக்கல. நாங்களேதான் போட்டோம்.’

முழங்கால் வலியின்றி நெடுந்தூரம் நடந்து, நெஞ்சில் கவலையின்றி நெடுங்காலம் வாழ்ந்து, நாளை காலை எட்டரை மணிக்கு வாசல் வரை வந்தாலும் திரும்பிப் போய் நிம்மதியாக உட்காருங்கள். பிள்ளைகள் போட்டுக்கொள்வார்கள்.

என்றும் உங்கள் அன்பில் மகிழும்,
தலைமையாசிரியை,
உடன் பணியாற்றிய ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வகப் பணியாளர்கள்,
ஐந்து தாள்களையும் இப்போது பத்திரமாக வைத்திருக்கும் கணக்குத் துறையினர் இருவர்,
மற்றும்
உங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட, கணக்குத் தெரியாத மொழிப்பாட ஆசிரியர்